நகல் சாவி

“பச்சைத் திருட்டும்மா இது! வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சு சம்பாதிச்ச பேரை எவனோ அப்படியே சுருட்டிட்டான். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், நடுத்தெருவுல நிறுத்திக் கேப்பேன்!”

பூட்டுக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் எதிர் ஆபீஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெப்சைட் கட்டிக்கொடுக்கும் அந்தப் பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“உட்காருங்க சார்.”

“உட்கார வரலை. நீயே பாரு.”

போனை நீட்டினார். அவர் கடையின் வெப்சைட் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. நடுவில் ஒரே வரி: ‘இந்த முகவரி நிறுத்தப்பட்டுள்ளது.’

“நாலு மணிக்கு அந்த அடுக்குமாடிக்காரங்க கூட்டம் போடுறாங்க. முன்னூறு கதவு! முன்னூறுக்கும் பூட்டு யார் போடுறதுன்னு இன்னைக்கு முடிவு. ‘உங்க வெப்சைட்டைத் திரையில போட்டுப் பார்த்துட்டுச் சொல்றோம்’னாங்க. இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? தன் கதவையே திறக்கத் தெரியாதவன் நமக்குப் பூட்டுப் போட வந்துட்டான்னு சிரிக்க மாட்டாங்க?”

மணி மூன்றேகால்.

அவள் எதையோ தட்டிப் பார்த்தாள்.

“ஹோஸ்டிங்ல குறையில்லை சார். கடை, சரக்கு, படம் எல்லாம் அப்படியே இருக்கு. டொமைன்தான் நின்னுருக்கு. கடை இருக்கு, விலாசம் இல்லை.”

“எப்படி இருக்கும்? நீதானே வாங்கினே! உன் பேர்ல எழுதி வச்சுக்கிட்டு என் தலையில மிளகாய் அரைக்கிறியா?”

அவளுக்குச் சுருக்கென்றது.

“யாரோட டொமைனையும் நான் என் பேர்ல வாங்குறதில்லை சார். வீடு கட்டின கொத்தனார் பத்திரத்தை இடுப்புல செருகிட்டுப் போகலாமா? யார் பேர்ல பதியட்டும்னு அன்னைக்கே கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?”

“அதெல்லாம் எனக்கெங்கே ஞாபகம்?”

“‘எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் கருமம் ஆகாது, தம்பி பேர்ல போடு’ன்னீங்க. பக்கத்து நாற்காலியிலதான் உங்க தம்பி இருந்தார்.”

“அவனா!” மேசையில் ஓங்கித் தட்டினார். “அப்ப சந்தேகமே இல்லை, அந்தப் பய வேலைதான். கடைச் சாவிக்கு எனக்குத் தெரியாம நகல் வெட்டிச் சட்டைப் பையில வச்சிருந்தவன்மா அவன். கேட்டா, ‘அவசரத்துக்கு இருக்கட்டும்னு வெட்டினேண்ணே’ன்னான். கதவுக்குச் சொந்தக்காரன் எதிர்ல நிக்காம சாவி வெட்டக் கூடாது. எங்க தொழில்ல அரிச்சுவடி அது. அன்னைக்கே நடுத்தெருவுல நிறுத்தி, திருடன்னு சொல்லித் துரத்தினேன். ஆறு வருஷமாச்சு. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியா பூட்டுக்கடை வச்சிருக்கான். சமயம் பார்த்துப் பழி தீர்த்துட்டான் பாரு!”

“அந்த நகல் சாவியால எதாவது காணாமப் போச்சா சார்?”

“ஒரு திருகாணிகூடப் போகலை. அதுக்குள்ளதான் நான் பிடிச்சுட்டேன்ல!”

அவள் டொமைன் பதிவைத் திரையில் திறந்தாள்.

“பதினஞ்சு நாளைக்கு முன்னால உங்களுக்கு ஒரு மெயில் வந்ததா?”

“வந்துச்சு. ‘நீங்கதான் உரிமையாளர், உறுதி செய்யவும்’னு. ஏமாத்துக்காரப் பயலுக! மூணு தடவை அனுப்பினான். மூணையும் குப்பையில தள்ளிட்டேன். யார்கிட்ட!”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“அது ஏமாத்து மெயில் இல்லை. உங்க தம்பி டொமைனை உங்க பேருக்கு மாத்தி எழுதிட்டார். புதுசா உரிமையாளர் ஆனவர் பதினஞ்சு நாளைக்குள்ள ‘ஆமா, நான்தான்’னு உறுதி பண்ணணும். பண்ணலைன்னா தானா நின்னுடும். மெயிலைப் பார்த்து நீங்க பண்ணிடுவீங்கன்னு நானும் விட்டுட்டேன். இன்னையோட கெடு முடிஞ்சது. பூட்டினது வேற யாரும் இல்லை சார், நீங்கதான்.”

“அவன்... அவன் எதுக்கு மாத்தினான்?”

“மாத்தின அன்னைக்கு இங்கே வந்திருந்தார். நீங்க நிக்கிற இதே இடத்துல நின்னார். ‘அண்ணன் பெரிய வேலைக்குப் போறாராம். எவனாவது பதிவைத் தோண்டிப் பார்த்து, துரத்தின தம்பி பேர்லயா கடை இருக்குன்னு கேட்டா அவருக்குத்தான் அசிங்கம்’னார். உங்களுக்குச் சொல்லக் கூப்பிட்டாராம். நீங்க அவர் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கீங்க.”

பூட்டுக்கடைக்காரர் மெல்ல நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

“எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு சார். ஆறு வருஷமா ஒரு தடவைகூட விடாம அவர்தான் புதுப்பிச்சிருக்கார். அவரும் பூட்டுக்கடைதானே வச்சிருக்கார்? ஒரே ஒரு வரியை மாத்தியிருந்தா, உங்களைத் தேடி வர்ற அத்தனை பேரும் நேரா அவர் கடை வாசல்ல போய் நின்னிருப்பாங்க. வியாபாரம் ஏன் படுத்துச்சுன்னு உங்களுக்குக் காரணமே தெரிஞ்சிருக்காது.”

அவர் குப்பையில் கிடந்த மெயிலைத் தேடியெடுத்தார். ‘உறுதி செய்யவும்’ என்றிருந்ததை அழுத்தினார்.

மூன்றே முக்காலுக்கு வெப்சைட் திறந்தது. முதல் வரியே கொட்டை எழுத்தில் இருந்தது: ‘உங்கள் சாவி எங்கள் கையில் பத்திரம்.’

அதைப் படித்தவர் சட்டென்று எழுந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“சரிம்மா... திறந்தாச்சுல்ல. நேரமாச்சு, கூட்டத்துக்குப் போகணும்.”

“போங்க சார், முன்னூறு கதவுக்கும் பூட்டுப் போடுங்க. ஆனா ஆறு வருஷம் உங்க கடைச் சாவி அவர் கையில இருந்துச்சு. ஒருநாள்கூட அவர் திறக்கலை. திருடன்னு நடுத்தெருவுல நின்னுதானே சொன்னீங்க? அதே தெருவுல நின்னு, அதே சத்தத்துல, இல்லைன்னு எப்ப சார் சொல்லப் போறீங்க? இன்னைக்கே சொல்லுங்க!”