தொட்டிக்குள் கிடந்த இரும்பு

லீட்ஸ் நகரத்து எஞ்சின் பட்டறையின் கண்ணாடிக் கூரை வழியே காலை வெயில் புகையைத் துளைத்து இறங்குகிறது. சுரங்கத்தில் இருபத்தைந்து வருடம் கரி இழுத்த சின்ன ரயில் எஞ்சின் பழுதுபார்க்க வந்து நிற்கிறது. குதிரைச் சேணம் போலக் கொதிகலன்மேல் கவிழ்ந்திருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் புதிதாக உருவானபோது இதே பட்டறையில் ஆமோஸ் தன் கையால் ரிவெட் ஆணி அடித்த தொட்டி அது. வெளியே நின்று அவர் சம்மட்டி போட, உள்ளே முடங்கிக்கொண்டு ரிவெட்டுக்கு இரும்பை முட்டுக் கொடுத்தவன் ஜேபஸ். உள்ளே அவன் பாடுகிற பாட்டு தகடு வழியாக அதிர்ந்து இவர் உள்ளங்கைக்கு வரும்.

கூட வேலை செய்யும் ஹார்ட்லி உளி வைத்து அடித்தகட்டைப் பெயர்க்கிறான். கனமாக ஏதோ உருண்டு விழுகிறது.

"யோவ் ஆமோஸு, வளைவுல திரும்பும்போதெல்லாம் தொட்டிக்குள்ள யாரோ தட்டுறாங்கன்னு டிரைவருங்க பொலம்புனாங்கள்ல, இந்தா பாரு அந்தப் பேய!"

துரு மூடிய முட்டிரும்பு. ஆமோஸ் கட்டைவிரலால் தேய்க்கிறார். பிடியில் அரத்தால் கீறிய மூன்று கோடுகள், ஜேபஸின் அடையாளம்.

"ஜேபஸ் திருடிட்டான்னு சொன்னியே, அதுவா இது?"

எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னவர் ஆமோஸ்தான். அன்று வேலையை விட்டுப் போன ஜேபஸ் அப்புறம் இந்த வாசலை மிதிக்கவே இல்லை. தொட்டியின் உச்சியில் தண்ணீர் ஊற்றுகிற வட்ட வாயையே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தோள் நுழையத் திணறும் வாய். "சீக்கிரம் வாடா, பியர் தீந்துடும்" என்று அவசரப்படுத்தி, தொட்டி வேலை முடிந்த மாலையில் அதன் வழியே ஜேபஸை வெளியே இழுத்தவரும் அவர்தான். அவன் இரண்டு கையையும் பிடித்துத்தான் இழுத்தார். இரண்டும் வெறுங்கை.