குங்குமக் கோடு

“லீக் இருந்தா இருக்குதுன்னே சொல்லிப்போடுங்க தம்பி. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்” என்றார் மருதாம்பாள்.

சில்வஸ்டர் டூல் பாக்ஸைக் கீழே வைத்தான். ஜெகதளாவில் அந்த வீட்டு வாசலில் நின்ற வேன் அவனுக்குப் பழக்கமானதுதான். உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க், தண்ணீருக்கு டேங்க், குழாய்க்குத் தள்ளிவிட ஒரு சின்ன மோட்டார். குழாய் வேலை முழுக்க அவன் செய்தது. பச்சைத் தேயிலை விலை பறிகூலிக்கே பற்றாமல் போனபோது, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று மருதாம்பாளின் மகன் தரணிதரன் ஆசை ஆசையாகச் செய்த வண்டி. ஒரு சவாரிகூடப் போகவில்லை. அதற்குள் அவன் போய்விட்டான்.

“என்ன பிரச்சினைங்கம்மா?”

“டேங்குல தெனமும் ஒரு கொடம் தண்ணி கொறையுதுங்க. காலைல இவரு தேயிலை பறிக்கப் போனப்புறம் மோட்டார் தானா ஓடுது. கொழாயை யாரும் தொடறதில்லை.”

“கொழாய் மூடியிருக்கறப்ப மோட்டார் ஓடுச்சுன்னா, எங்கியோ ஒழுகுதுன்னு அர்த்தம்ங்க.”

மருதாம்பாள் சிரித்தார். எலும்பும் தோலுமாக இருந்த அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கச் சில்வஸ்டருக்கு என்னவோ போலிருந்தது.

“ஆபரேசனுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. அம்மா தண்ணி, அம்மா தண்ணின்னு கேட்டுட்டே போயிட்டான்ங்க எம்பையன். செத்தவங்களுக்குச் சொம்புல தண்ணி வெக்கறது எங்க வழக்கம். இவன் எந்நேரமும் இந்த வண்டிலதான கெடப்பான்? அதான் டேங்கையே ரொப்பி வெச்சேன். அவன் குடிக்கிறானா, ஒழுகிப் போகுதா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

சில்வஸ்டர் கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டான். இப்படி ஒரு பழுது பார்க்க இதுவரை அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

கட்டிலுக்கு அடியில் டேங்க் இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் ஆனதால் நீர்மட்டம் வெளியே தெரியும். முந்தின ராத்திரி தண்ணீர் நின்ற இடத்தில் மருதாம்பாள் குங்குமத்தால் கோடு இழுத்திருந்தார். இப்போது தண்ணீர் அதற்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

சிங்க் குழாயைப் பார்த்தான். இணைப்புகளில் காகிதத்தைச் சுற்றிப் பார்த்தான். காகிதம் நனையவே இல்லை. அந்த மத்தியான நேரத்திலேயே தோட்டம் முழுக்கப் பனி இறங்கி, நாலு செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இறங்கி வண்டிக்கு அடியில் தவழ்ந்து போனான்.

டேங்க்கைக் காலி செய்வதற்கான திருகு அங்கேதான் இருந்தது. அதன் கீழே மண் ஈரமாகக் குழிந்திருந்தது. வெள்ளைத் திருகின் மேல் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். தேயிலை பறிக்கிற கையின் கறை.

“சொல்லிப்போடாதீங்க தம்பி.”

மருதாம்பாளின் கணவர் குமாரசாமி வண்டி ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“நீங்கதானாங்கய்யா?”

“அவன் போனதுல இருந்து ஒரு பருக்கை வாயில வெக்கலீங்க. இப்படியே விட்டா இவளும் போயிருவாள்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு நாள் டேங்குல தண்ணி கொஞ்சம் கொறைஞ்சு கெடந்துச்சு. பையன் வந்து குடிச்சுட்டான்னு சொல்லி, ஒரு தட்டுச் சோறு தின்னா. அடுத்த நாள் கொறையலை. மறுபடியும் பட்டினி. அப்புறம் என்னங்க பண்றது? பறிக்கப் போறதுக்கு முன்னாடி நானே வந்து தொறந்து உட்டுட்டுப் போறேன்.”

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். கிழவர் பொருந்தத்தான் செய்திருக்கிறார் என்று சில்வஸ்டர் நினைத்துக்கொண்டான். மோட்டாரைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிடுகிறவருக்கு ஒரு சுவிட்சைத் தட்டவா தெரியாது? பயம் விலகி, மனசு இளகிப்போனது. திருகை நன்றாகத் துடைத்துக் கறையைப் போக்கிவிட்டு வெளியே வந்தான்.

“நல்லாப் பார்த்துட்டேங்கம்மா. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.”

மருதாம்பாள் அவனையே பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும் தம்பி. சோறு ஆக்கறேன். மூணு பேருமாச் சாப்பிடலாம்.”

அவர் வீட்டுக்குள் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் கழித்து மூணு பேருக்குச் சமைக்கிற சத்தம் கேட்டதில் குமாரசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. சில்வஸ்டர் வேனுக்குள் ஏறித் தன் சாமான்களைப் பொறுக்கினான். கிழவரும் பின்னாலேயே ஏறி, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது முன்சீட்டுக்கு அடியிலிருந்து மோட்டார் ‘டர்ர்ர்’ என்று ஓட ஆரம்பித்தது.

சில்வஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரியான ஆளுங்கய்யா நீங்க. சுவிட்சை எங்க மறைச்சு வெச்சிருக்கீங்க?”

குமாரசாமி சிரிக்கவில்லை. பிடித்திருந்த அவன் கையை விட்டுவிட்டு முன்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

“இந்த வண்டில பேட்டரியே இல்லைங்க தம்பி. காரியச் செலவுக்கு நாந்தான் கழட்டி வித்துட்டேன்.”