இறக்கத்தில் ஓடிய இன்ஜின்

பெரியப்பாவை நடுரோட்டில் விட்டுவிட்டு எங்க டிரைவர் காசிநாதன் அண்ணன் வண்டியைக் கிளப்பிட்டாரு.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துக்கினு இருந்த நேரம். பஸ் கிடையாது. கச்சிராயபாளையத்தில் குடையும் பையுமா நின்ன பெரியப்பா கையைக் காட்டினாரு. அண்ணன் நிறுத்தினாரு, கண்ணாடியை இறக்கினாரு.

"மன்னிச்சுக்கங்க ஐயா. ஆள் ஏறுனா பெட்ரோல் எறங்கும்."

அவ்வளவுதான். கண்ணாடி மேலே ஏறிடுச்சு.

"ஏண்டா இளவரசா, உங்கப்பன் கார்ல எனக்கே எடமில்லையா?" பெரியப்பா கத்தினது பின்னால் கேட்டது.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். அண்ணன் கெட்ட பேரு வாங்க வாங்க எனக்கு நல்லது. அவர் வேலை போனா ஸ்டியரிங் என் கைக்கு வரும்.

அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை, மலை மேலே வெள்ளிமலையில் இன்னொரு சின்னக் கடை. மேலே சரக்கு போறது எங்க பழைய அம்பாசிடர்லதான். மறியலால் லாரி வராம பெட்ரோல் பங்க்கில் கயிறு கட்டிட்டாங்க. வீட்டில் ஒரு பீப்பாய் இருந்தது, அதை வெச்சுத்தான் ஓட்டணும். கார் குடிக்கிறதைக் குறைக்கலேன்னா வேற எடம் பாத்துக்கன்னு அப்பா அண்ணன்கிட்ட சொல்லிட்டாரு.

நானோ பன்னண்டாவதைப் பாதியில் விட்டவன். லைசென்ஸ் வாங்கிட்டுச் சும்மா குந்தியிருந்தேன்.

அன்னைக்குக் காலையில் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டாரு.

"சரக்கை எறக்கிட்டு வரும்போது காலி வண்டிதான். எறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டிக்கினு வரச் சொல்லியிருக்கேன். ஆஃப் பண்ணாம வந்தான்னா அங்கியே சாவியை வாங்கிடு. நீ ஓட்டிக்கினு வா. நாளையிலேருந்தும் நீதான்."

அதனால கண்ணு கொட்டாம அண்ணனைப் பாத்துக்கினே வந்தேன். தப்பு கண்டுபிடிக்க முடியல. அதுதான் எரிச்சல். மனுசன் ஒரே வேகத்தில் போறாரு. வளைவுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துடறாரு, பிரேக்கே தேவைப்படல. ஆடு குறுக்கே வந்தா இன்ஜினை ஆஃப் பண்றாரு. பிளக்கு கழுவி, டயருக்குக் காத்து புடிச்சு, மேலே இருந்த கேரியரைக் கழட்டி எறிஞ்சு, எல்லாம் முன்னாடியே செஞ்சு வெச்சிருந்தாரு. போன வாரம் பின்சீட்டையும் கழட்டி எங்க வூட்டுப் பின்னால போட்டுட்டாரு. வெயிட்டு கம்மி, மூட்டை ஜாஸ்தி அடுக்கலாம்னு அவர் சொன்னதும் அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு.

சீட்டு இருந்த எடத்தில் மட்டும் பழைய பஞ்சு மெத்தை ஒண்ணைப் போட்டு, அது மேலே உப்பு மூட்டையை அடுக்கியிருந்தாரு. உப்புக்கு எதுக்குய்யா மெத்தைன்னு கேட்டேன். மூட்டை கிழியாம இருக்கும்னாரு.

செங்குத்தான ஏத்தம் வந்ததும் என்னையும் இறங்கி நடக்கச் சொன்னாரு. முதலாளி மவன் நான். நடந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் அவரைத் திட்டிக்கினே நடந்தேன்.

வெள்ளிமலைக் கடையில் சரக்கை இறக்கிட்டுத் திரும்பினோம். இறக்கம் தொடங்கற எடத்தில், கூந்தப்பனை நிழல்ல நாலஞ்சு பேரு மூங்கில்ல தூளி கட்டித் தூக்கிக்கினு வந்து நின்னிருந்தாங்க. யாரும் கையைக் காட்டல. வண்டி தானா நின்னுது.

தூளியில் மகேஸ்வரின்னு ஒரு பொண்ணு, தலைச்சன் பிரசவம். பனிக்குடம் உடைஞ்சு நேரமாச்சு, பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவணும்னு நர்சம்மா சொல்லிட்டாங்கன்னு புருசன் வெள்ளையன் சொன்னான். அண்ணன் பின்கதவைத் தொறந்தாரு. அவங்க பொண்ணை மெத்தை மேலே நீட்டிப் படுக்க வெச்சாங்க. எங்க தலை, எங்க காலுன்னு யாரும் கேக்கல. எல்லாருக்கும் பழக்கமா இருந்தது.

கூட ஏறுன அவளோட அம்மா அவ நெத்தியைத் துடைச்சுக்கினே சொன்னாங்க. "பயப்படாத கண்ணு. போன வாரம் நம்ம சின்னக்கண்ணு பொண்டாட்டியும் இதுலதான் போனா. ரெண்டு உசுரும் நல்லா வந்துச்சே."

எனக்கு அப்பத்தான் மெத்தை எதுக்குன்னு புரிஞ்சுது. சீட்டு எதுக்குக் கழண்டுச்சுன்னும் புரிஞ்சுது.

முன்னால அண்ணன், நடுவுல நான், ஓரத்தில் வெள்ளையன். இறக்கம் ஆரம்பிச்சுது. அண்ணன் ரெண்டாவது கியரைப் போட்டாரு. இன்ஜின் முக்கிக்கினே ஓடிச்சு. என் கண்ணு சாவிக்குப் போச்சு. அதை அவரும் பாத்துட்டாரு.

"ஆஃப்ல உருட்டுனா வண்டி பிச்சிக்கினு ஓடும் தம்பி. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கணும், உள்ள இருக்கறதைத் தூக்கித் தூக்கிப் போடும். கியர்ல வந்தா இன்ஜினே புடிச்சுக்கினு வரும், குலுங்காது."

"பெட்ரோல்?"

"ஏத்தத்துல மிச்சம் புடிச்சேன் இல்ல. அதைத்தான் எறக்கத்துல செலவு பண்றேன்."

ஒரு வளைவு தாண்டினதும், ரோட்டுலேருந்து கண்ணை எடுக்காம சொன்னாரு. "உங்கப்பா இன்னா சொல்லி அனுப்பினாருன்னு எனக்குத் தெரியும். சாவி அங்கதான் இருக்குது."

பின்னால அந்தப் பொண்ணு பல்லைக் கடிச்சுக்கினு முனகினா. வண்டி ஒரு குலுக்கல் இல்லாம, தேர் மாதிரி இறங்கிக்கினு இருந்தது.

சாவி என் முட்டிக்கு எதிர்ல ஆடிக்கினே வந்தது. கச்சிராயபாளையம் வந்தது, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலும் வந்தது. நான் அதைத் தொடல.