மணிக்கட்டில் ஒரு கட்டு

பாதி விடுமுறையை அப்பா வீட்டில் கழித்துவிட்டுத் திரும்பிய மகளின் மணிக்கட்டில் பெரிதாக ஒரு கட்டு. தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்த அம்மா பாதித் தையலில் எழுந்துவிட்டாள்.

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "அந்த வீட்டுல நடந்ததை இந்த வீட்டுல தோண்டித் துருவாதீங்க, பிள்ளை பயந்துடும்" என்று குடும்ப ஆலோசகர் பெற்றோர் இருவரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

'இவ அப்பா கையை முறுக்கியிருப்பாரோ?'

பால்கனிக்குப் போனவள், பிரிந்த பிறகு முதல்முறையாகக் கணவனுக்குப் போன் போட்டாள்.

"பிள்ளையை என்ன பண்ணீங்க?"

"நானா? உன் வீட்டுலேர்ந்து வரும்போதே கட்டோடதானே வந்தா! கேக்கக் கூடாதேன்னு ஒரு வாரமா வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன்."

"இங்கேர்ந்து கிளம்பறப்போ கட்டே இல்லீங்க!"

அப்படியென்றால், வேறு யார்?

அவன் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அவள் கத்தரிக்கோலால் கட்டை மெல்ல வெட்டினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

"அன்னிக்கு அப்பாகிட்ட போறப்போ லிஃப்ட்ல நானே கட்டிக்கிட்டேன்" என்றாள் மகள்.

"ஏன்டி இப்படி எங்க உயிரை வாங்கினே?"

"வலிக்குதான்னு கேப்பீங்கன்னு பார்த்தேன். அப்பாவும் கேக்கல, நீயும் கேக்கல." உதடு பிதுங்கியது. "நெஜமாவே அடிபட்டாலும் யாரும் கேக்க மாட்டீங்களோன்னு பயமாயிடுச்சும்மா."