கவனம் போதாது

"மிஸ்டர் ஹாலம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். சொல்லுங்க."

"மிஸ்டர் டாட்?"

"நானும் வந்துட்டேன் மேடம். பதிவாளர் தரப்புல."

விசாரணை தொலைபேசியில்தான். நீதிபதி பிலிப்பா வைனி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாதி கடித்த டோஸ்ட். குரலில் மட்டும் நீதிமன்றம் குறைவில்லாமல் இருந்தது.

வழக்கு பழகிய வழக்குதான். டான்காஸ்டரைச் சேர்ந்த டெரிக் ஹாலம், ரொட்டி வேன் ஓட்டும் வேலையை விட்டுவிட்டு, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலுக்கு வந்தவர். பயிற்சிக்கால உரிமம் ஆறு மாதம். அதற்குள், தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாணவனுக்குப் பாடம் நடத்திக் காட்டும் கடைசித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் விழுந்தார். மூன்றாவது வாய்ப்புக்கு நவம்பரில்தான் தேதி கிடைத்தது. அதுவரை தாக்குப்பிடிக்க இன்னொரு ஆறு மாதம் கேட்டார். உரிமம் வழங்கும் பதிவாளர் முடியாது என்று கையை விரித்துவிட்டார். உரிமம் போனால் மாணவர்கள் போவார்கள், பழக்கம் போகும், கடைசித் தேர்வில் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

"மேடம், சுருக்கமா சொல்லிடறேன்" என்றார் டாட். "அப்பீல் போட்டா முடிவு வர்ற வரைக்கும் பழைய லைசென்ஸே ஓடும். இது எல்லா ட்ரெய்னிக்கும் தெரியும். நாள கடத்தத்தான் வர்றாங்க. இவரும் அதே கட்சிதான்."

"நீங்க என்ன சொல்றீங்க மிஸ்டர் ஹாலம்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"மிஸ்டர் ஹாலம்?"

"இருக்கேன் மேடம். அவர் சொல்றதுல பாதி நெஜம். இப்பவும் பாடம் எடுத்துட்டுத்தான் இருக்கேன். ஆனா சும்மா நாள கடத்தல. அந்தத் தேர்வுக்காகத்தான் பழகறேன்."

பிலிப்பாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த இடத்தில் வழக்கமாகக் காய்ச்சல் வரும், கார் ரிப்பேராகும், மனைவி கோபித்துக்கொண்டு போயிருப்பாள். இவர் ஒரு சாக்கும் சொல்லவில்லை.

"ரெண்டாவது தடவை எதுல போச்சு?"

மறுபடியும் ஒரு இடைவெளி. பிறகு நிதானமாக வந்தது பதில். "கவனம் போதாதுன்னு எழுதினாங்க மேடம். பையன் கண்ணாடியப் பாக்காமலே லேன் மாறிட்டான். நான் அடுத்து என்ன சொல்லலாம்னு யோசிச்சிட்டு இருந்தேன். என் தப்புதான்."

டாட் விடுவாரா? "ஒரே நேரத்துல பேசவும் பாக்கவும் முடியலேன்னா இந்தத் தொழில் எதுக்கு சார்? ரொட்டி வேனே தேவலையே? ரொட்டி கேள்வி கேக்காது."

"மிஸ்டர் டாட்!" என்று அதட்டினார் பிலிப்பா.

வேறு ஆளாக இருந்தால் போனிலேயே கிழித்திருப்பார். ஹாலம் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. சற்றுப் பொறுத்து, "நியாயமான கேள்விதான் சார்" என்றார். "அன்னிக்கு முடியல. இப்ப முடியுது. அதுக்குத்தான் தினமும் பழகறேன்."

பிலிப்பாவுக்குத் தன் கணவரின் ஞாபகம் வந்தது. மகளுக்குக் கார் கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று கிளம்பிய மனிதர், முதல் சிக்னலிலேயே கத்த ஆரம்பித்தார். அப்பாவும் மகளும் தனித்தனியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த இருக்கையில் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் வீட்டில் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது அவருக்குப் பொறாமையாகவே இருந்தது.

"கடைசியா ஒண்ணு மிஸ்டர் ஹாலம். நான் லைசென்ஸ் குடுத்தா, அதை முழுசாப் பயன்படுத்துவீங்களா? அஞ்சு மாசம் தூங்கிட்டு ஆறாவது மாசம் முழிச்சுக்கறவங்கள நிறைய பாத்துட்டேன்."

"ஒரு நிமிஷம்கூட வீணாக்க மாட்டேன் மேடம்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார் டாட்.

பிலிப்பா பேனாவை எடுத்தார். அன்று காலையில் இரண்டு மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்திருந்தார். ஒரு மனிதனுக்காவது நல்ல செய்தி சொல்லப்போவதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"மிஸ்டர் ஹாலம், இவ்வளவு நேரமும் உங்களக் கவனிச்சிட்டுத்தான் இருந்தேன். சீண்டினாலும் நீங்க சூடாகல. யோசிக்காம ஒரு பதில் சொல்லல. இந்த நிதானம் இருக்கற ஆளப் பாத்துக் கவனம் போதாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதனால உங்க அப்பீல—"

"டெரிக்!" போனுக்குள்ளிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் அலறியது. "ரவுண்டானா வந்துருச்சு, ரெண்டாவது வழியா, மூணாவதா?"

"மூணாவது. கண்ணாடியப் பாரு, வலது சிக்னல் போடு, மெதுவா, மெதுவா... சாரி மேடம், நீங்க சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்."