ஆறு மூட்டு

டாக்டரம்மா கட்டைவிரலால் அவள் மணிக்கட்டை அழுத்தினார்.

வலிக்கட்டும், வீங்கியிருக்கட்டும் என்று அவள் மாரியாத்தாவை வேண்டிக்கொண்டாள்.

வலித்தது. கொஞ்சம்போல.

"வலி இருக்கும்மா. வீக்கம்தான் இல்ல."

ஆறு மூட்டாவது வீங்கியிருக்க வேண்டும். அதுதான் இங்கே சட்டம். முடக்குவாதத்துக்குப் புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க இந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு பேரைச் சேர்க்கிறார்கள். பதினொரு பேர் சேர்ந்தாயிற்று. இன்றோடு பெயர் பதிவது முடிகிறது. மற்ற இடத்தில் நோய் குறைந்தால் கும்பிடு போடுவார்கள். இங்கே குறைந்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

ஒன்பது வருடமாக ஸ்டீராய்டு மாத்திரையில்தான் அவள் வண்டி ஓடியது. வலியைத் தின்ற மாத்திரை எலும்பையும் சேர்த்துத் தின்றுவிட்டது. போன ஐப்பசியில் ஒரு தும்மல் போட்டாள். முதுகெலும்பில் ஒன்று நொறுங்கிப்போனது. நாற்பத்தொரு வயதில்! இப்படியே போனால் அடுத்தது இடுப்பு என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

இந்த ஊசியை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஊசிக்குச் சேர வேண்டுமானால் மாத்திரையை நிறுத்த வேண்டும். படிப்படியாகக் குறைத்து, கடைசி நான்கு வாரம் தொடவே கூடாது. அவள் தொடவில்லை.

பல் துலக்க முடியவில்லை. புடவை கட்டிவிட்டது, தலை வாரிவிட்டது, கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் அவள் கணவன் சடையாண்டிதான். ஆறடி ஆள். அவள் கத்தும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான். காலையில் கம்மங்கஞ்சியை ஆற்றி ஊட்டிவிடுவான்.

நான்கு நாளாக வலி தணிந்துகொண்டே வந்தது.

வேறு யாராக இருந்தாலும் தேங்காய் உடைத்திருப்பார்கள். அவளுக்கு வீக்கமும் வடிந்துவிடுமோ என்று பயம். நேற்று அவன் வேலைக்குப் போனதும் கம்பளிப் போர்வையை வாளியில் ஊறப்போட்டாள். அந்தக் கையாலேயே கும்மி, முறுக்கிப் பிழிந்தாள். வீங்கித் தொலை என்று விரல்களைத் திட்டிக்கொண்டே பிழிந்தாள்.

டாக்டரம்மா முழங்கால் இரண்டையும் அழுத்திப் பார்த்தார். தாளில் அச்சடித்திருந்த மனித உருவத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். எண்ணினார். இடது முழங்காலை மறுபடி தொட்டுப் பார்த்தார். அவருக்கும் மனசில்லை என்பது தெரிந்தது.

"அஞ்சுதாம்மா வருது."

"இன்னொருக்கா பாருங்க டாக்டரம்மா."

"பாத்துட்டேன். மாத்திரை ஏதும் போட்டீங்களா? ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தாலும் சொல்லிருங்க."

"ஆத்தா சத்தியமா இல்லம்மா. இந்தக் கையால தொடல."

அவள் சொன்னது சுத்தமான உண்மை.

திரைச்சீலை ஓரமாக நின்ற சடையாண்டியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

"நாந்தான் போட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கஞ்சில. பொடிச்சுக் கலக்கிட்டேன். நாலு நாளா. அவ கத்துறத என்னால கேக்க முடியல டாக்டர். ஒரு மாத்திரையில என்ன வந்துரப்போகுதுன்னு..."

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. வேறு ஆய்வு வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார். எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் அவனை அடித்தாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல் அடி. நெஞ்சிலேயே குத்தினாள். மறுபடி குத்தினாள். சீட்டு வாங்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மூன்றாவது குத்துக்கு ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

விரல்கள் மடங்கியிருந்தன. ஐந்தும் உள்ளங்கையைத் தொட்டு, முழுசாக. இந்த மாதத்தில் ஒரு நாள்கூட இப்படி மடங்கவில்லை.

அவனும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. பாவி, அழுதுகொண்டே சந்தோஷப்பட்டான்.

அவளுக்கு அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. அவன் மடியில் விழுந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அவன் தரையில் குத்துக்காலிட்டு அவள் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான். செருப்பை மாட்டிவிட்டான்.

அவள் அவன் உச்சந்தலையைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள் பிறகு.

அவன் நிமிரவில்லை.

"நாளைக்கும் கஞ்சில போட்டுருங்க. எங்கிட்ட சொல்ல வேணாம்."