நாலாவது பகுதி

வீட்டுக்கு வெள்ளையடித்த வாரத்தில் பூதலிங்கத்தின் பழைய கம்ப்யூட்டர் காணாமல் போனது. சாமான்களோடு முற்றத்தில் கிடந்ததை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள்.

போலீசில் சொல்லலாம் என்றாள் மனைவி கோமு. முப்பது வருடத்துப் பெட்டியைக் காணோம் என்றால் சிரிப்பார்கள் என்று மறுத்துவிட்டார். அவருக்குப் பெரிய கவலையும் இல்லை. ஹார்டு டிஸ்க் செத்துப்போன அந்தக் காலத்துப் பெட்டிகளை சிடி போட்டு எழுப்புகிற வித்தை, பாளையங்கோட்டை வட்டாரத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். திருடன் எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதானே வர வேண்டும்?

வந்தான். பெயர் இஸ்ரவேல். நாங்குநேரியில் அச்சகம் வைத்திருக்கிறானாம்.

"எங்க பழைய கம்ப்யூட்டரு, அண்ணாச்சி. ஆன் பண்ணா எழும்ப மாட்டேங்கு" என்று செல்போனில் படத்தைக் காட்டினான்.

மூலை உடைந்த அந்த மூடியை பூதலிங்கத்துக்கா தெரியாது? 'எங்க' கம்ப்யூட்டராமே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, நாளைக்கு வரச் சொன்னார்.

ஒரே சிடியை மூன்றாகப் பிரித்தார். முதல் பகுதி பெட்டியை எழுப்ப; அடுத்தது அச்சு வேலைக்கு; மூன்றாவதில் தமிழ் எழுத்துகள். திருடனுக்குச் செய்தாலும் அவர் வேலையில் குறை வைப்பதில்லை. பிறகு, யாரும் கேட்காமலே நாலாவதாக ஒரு குட்டிப் பகுதியையும் சேர்த்தார். பெட்டி எழுந்ததும் திரை முழுக்க அதுதான் வரும்.

'இந்தக் கம்ப்யூட்டர் வருடக்கணக்காக என் வீட்டில் இருந்தது. எடுத்தவன் மரியாதையாகக் கொண்டுவந்து கொடுக்கவும். இப்படிக்கு, பூதலிங்கம்.' கீழே முழு விலாசம்.

சிடியை வாங்கிப் போன இஸ்ரவேல் மறுநாளே திரும்பி வந்தான். கூடவே ஒரு போலீஸ்காரர். பூதலிங்கம் எதிர்பார்த்ததைவிட இது நல்ல முடிவு. கோமுவை காப்பி போடச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தானா வந்து ஒத்துக்கிட்டானா, சார்?"

போலீஸ்காரர் நிதானமாக உட்கார்ந்தார். இஸ்ரவேல் அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் பார்த்து, அடையாளம் கண்டு, வாங்கி வந்தானாம்.

"இவுக அச்சாபீஸ்ல பூட்டை ஒடச்சுக் களவாண்ட பெட்டி, அண்ணாச்சி. இத்தனை வருசமா எங்களுக்கு ஒரு துப்பும் கெடைக்கல" என்ற போலீஸ்காரர், காப்பியை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நீங்கதான் பேரு, விலாசத்தோட எழுதிக் குடுத்திருக்கிய."